அதே நூற்று எண்பத்தாறு பேர்

சர்வரில் தும்பியைக் கட்டி முடித்தபோது காலை பதினொன்றே கால். கட்டியதோடு வேலை தீரவில்லை. கட்டியது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க இன்னும் ஆறு மணி நேரம் வேண்டும். செங்கரைப்பேட்டை நகராட்சியில் அன்றைக்கு ஆறு மணி நேரம் யாரிடமும் இல்லை.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. ஏப்ரல் பாதிகூட ஆகவில்லை. முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போயிருந்தார்கள். ஒருவர் கையில் டிக்கெட் அப்படியே இருந்ததாம்.

நிர்மலகுமாரி நகராட்சியின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். பிரிவு என்று பெயர்தான். ஒரு பழைய சர்வர், ஒரு மேஜை, அவள். அந்த வருடம் ஊரில் இருந்த கல்யாண மண்டபங்களையெல்லாம் அரசு குளிர்க்கூடங்களாக மாற்றியிருந்தது. மின்சாரத்தை அளந்துதான் கொடுத்தார்கள்; அதை வைத்து ஆயிரத்து இருபது படுக்கைகளுக்குத்தான் குளிர் கொடுக்க முடியும். பதிவு செய்தவர்களோ ஆயிரத்து இருநூற்று ஆறு பேர். எல்லோருமே இதயமோ நுரையீரலோ கெட்டவர்கள், இல்லாவிட்டால் எழுபதைத் தாண்டியவர்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது? தினமும் காலை எட்டு மணிக்குக் கணினி குலுக்கிப் போடும், வந்த பெயர்கள் நகராட்சி வாசலில் இருக்கும் பெரிய திரையில் ஓடும் என்று முடிவானது. இன்றைக்கு விட்டுப்போனவருக்கு நாளைக்குக் கிடைக்கும். இதைவிட நியாயமாக என்ன செய்ய முடியும் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் தலையாட்டினார்கள்.

குலுக்கும் நிரல் மொத்தமே நாற்பது வரி. தும்பி என்ற மொழியில் எழுதியது. ஆனால் அந்த நாற்பது வரியை ஒவ்வொன்றாகப் படித்து, கணினிக்குப் புரியும்படி சொல்லி வேலை வாங்க ஒரு மொழிபெயர்ப்பி வேண்டும்; அதற்கும் தும்பி என்றுதான் பெயர். முன்பெல்லாம் அது தயாராகவே கிடைக்கும், இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன் அப்படித் தயாராக வந்த ஒன்றுக்குள் யாரோ எதையோ ஒளித்து வைத்து, மூன்று மாநிலங்களில் ஆஸ்பத்திரிக் கணினிகள் படுத்துவிட்டன. அதிலிருந்து அரசாணை: தயாராக வருவது எதையும் தொடக்கூடாது, யாரும் திறந்து படிக்கக்கூடிய மூலநிரலை எடுத்து, உங்கள் இயந்திரத்தில் நீங்களே கட்டி, சோதித்து, நிறுவிக்கொள்ளுங்கள்.

நிர்மலா காலை ஆறரைக்கே வந்து ஆரம்பித்திருந்தாள். முதலில் தும்பி அந்த சர்வரைச் சுற்றிப் பார்த்து, தனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது என்று எழுநூறு வரிக்கு மேல் ஓடியது. நடுவில் எங்கோ ஒரு 'இல்லை' போனது போலிருந்தது. நிற்கவில்லை, மேலே ஓடிவிட்டது. நிற்காததால் அவளும் விட்டுவிட்டாள்.

ஆணையர் ஆராவமுதன் போனில் வந்தார். அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவர். அப்போதும் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சாம்மா?"

"கட்டி முடிச்சிட்டேன் சார். டெஸ்ட் ஓட்டணும். நம்ம சர்வர்ல ஆறு மணி நேரம் ஆகும்."

"ஆறு மணி நேரமா? நான் ஆம்புலன்ஸ்ல ஒரு அம்மாவ ஏத்திட்டு நிக்கறேன். மண்டபம் ரெடி, ஏசி ரெடி, பேர் மட்டும் இல்ல. டெஸ்ட் பண்ணாம போட்டா என்ன ஆகும்?"

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது சார். ஆனா விதிப்படி..."

"விதிய நான் பாத்துக்கறேன். போட்டுடுங்க. டெஸ்ட்ட அப்புறமா சாவகாசமா ஓட்டிக்கலாம்."

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடத்தில் எத்தனையோ முறை கட்டியிருக்கிறாள். சோதனையில் எதுவும் மாட்டியதே இல்லை. நிறுவு என்று தட்டினாள். நாலு நிமிடம். பன்னிரண்டு மணிக்குத் திரையில் பெயர்கள் ஓடின. வெயிலில் நின்றிருந்த கூட்டம் கைதட்டியது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அவளுடைய அப்பா தனகோட்டிக்கும் இடம் கிடைத்திருந்தது. அவருக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட்.

சாவகாசம் என்பது அந்தக் கோடையில் வரவே இல்லை. தண்ணீர் லாரி அட்டவணை, மின்வெட்டு அட்டவணை, இறப்புப் பதிவு என்று ஒன்று மாற்றி ஒன்று அவள் தலையில் விழுந்தது. தும்பி தன்பாட்டுக்கு தினமும் எட்டு மணிக்குக் குலுக்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டாவது நாள் ஜெயசீலி வந்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். நிர்மலாவின் அறை வாசலிலேயே நின்றாள்.

"மேடம், எங்க வூட்டுக்காரரு பேரு அந்தோணிதாஸ். தோல் பதனிடற ஷாப்புல இருந்தவரு, நுரையீரலு போயிடுச்சி. அவரு நம்பர்ல இன்னா தப்புன்னு பாத்துச் சொல்லணும்."

நிர்மலா பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"ஒரு தப்பும் இல்லம்மா. குலுக்கல்லதான் வரல."

"ஒரு நாளு கூடவா?"

"சில பேருக்கு அப்படி ஆகும்மா. நாளைக்கு வரும்."

ஜெயசீலி நகரவில்லை. "அவரு மட்டும்னா நானும் எங்க தலையெழுத்துன்னு போயிருப்பேன் மேடம். பேரு வராதவங்கல்லாம் ரயில்வே சப்வேயில போய் உக்காந்துக்கறோம். அங்க கொஞ்சம் ஈரமா இருக்கும். முதநாளு யாரு உக்காந்தாங்களோ அவங்கதான் இன்னிக்கும் உக்காந்துனு இருக்காங்க. புதுசா ஒரு மூஞ்சி வந்ததில்ல. எங்கள்ல ஒருத்தரு அந்தாண்ட போனதில்ல."

நிர்மலா எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த விரலை எடுத்தாள். "யாருமே?"

"போனவங்க இருக்காங்க. அவங்க மண்டபத்துக்குப் போகல."

சப்வே பழைய சரக்கு ரயில் பாதைக்குக் கீழே இருந்தது. நிர்மலா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கியபோது உள்ளே யாரோ பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கச் சுவரோரமும் பாய்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் நிலைத்துப்போயிருந்தது; தலைக்கு மேலே சுவரில் கரியால் பெயர்கூட எழுதியிருந்தார்கள். இடையிடையே பாய் இல்லாத வெற்றிடங்கள். அவற்றுக்கு மேலும் பெயர் இருந்தது. இவ்வளவு நெருக்கடியிலும் அங்கே யாரும் கால் நீட்டவில்லை.

பேப்பர் படித்தவர் கோதண்டம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். "ஆபீஸ்லருந்து வந்திருக்கீங்களா? பரவால்ல, உக்காருங்க. நம்ம எல்லாருக்கும் ஒரே ராசி. ஜோசியருகிட்ட கேட்டா ஆளுக்கொரு நட்சத்திரம் சொல்றான். ஆனா ஒரே ராசி!" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க ஐயா?"

"இன்னியோட முப்பத்தெட்டு."

அடுத்தவரைக் கேட்டாள். முப்பத்தெட்டு. அதற்கடுத்த அம்மாளையும் கேட்டாள். கேட்க வேண்டிய அவசியம் அதற்குமேல் இல்லை.

ஆபீசுக்குத் திரும்பி முதல் நாள் பட்டியலையும் அன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை. நடுவில் ஒரு நாளை எடுத்தாள். அதுவும் அதேதான். வாசல் திரையில் பெயர்கள் வார்டு வாரியாக ஓடியதால் யார் கண்ணிலும் படவில்லை. கிடைத்தவர்கள் ஏன் கிடைத்தது என்று கேட்கவில்லை. கிடைக்காதவர்கள் தங்கள் விதி என்று நினைத்துக்கொண்டார்கள். சீசன் முடியும்வரை இறந்தவர் பெயரையும் நீக்கக்கூடாது என்று ஒரு விதி. அதனால் பட்டியலின் நீளமும் மாறவில்லை. செத்தவர்களையும் சேர்த்துத் தும்பி தினமும் ஒரே மாதிரிக் கலைத்து, ஒரே மாதிரி விட்டுவிட்டது.

நூற்று எண்பத்தாறு பேர். அதில் இருபத்திரண்டு பேர் இப்போது இல்லை. படுக்கை கிடைத்த ஆயிரத்து இருபது பேரில் இறந்தவர்கள் மூன்று.

அன்றைக்கே தும்பியை ஒரு தனி இடத்தில் திரும்பக் கட்டி, சோதனையை ஓட விட்டாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது முடிந்திருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் சோதனைகள். ஒன்றே ஒன்று தோல்வி. எது என்று படிக்கும்முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சர்வர்மேல் கையை ஊன்றி நின்றாள். சர்வர் சூடாக இருந்தது.

அன்று இரவு ஆணையரிடம் போய்ச் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார்.

"சீட்டுக்கட்டு கலைக்கிற மாதிரி சார். எங்கருந்து கலைக்க ஆரம்பிக்கணும்னு ஒரு எண் வேணும். அது ஒவ்வொரு நாளும் வேற வேற இருக்கணும். நம்ம சர்வர்ல அதைக் கொடுக்கற பகுதி இல்ல. இல்லைன்னா தும்பி நின்னுடணும். அது நிக்காம, சோதனைக்குன்னு உள்ள வச்சிருக்கற ஒரே எண்ணை எடுத்துக்கிச்சு. தினமும் அதே எண், அதே கலைப்பு. டெஸ்ட் ஓட்டியிருந்தா முதநாளே தெரிஞ்சிருக்கும்."

ஆராவமுதன், "நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

"தட்டினது நான் சார்."

"சரி பண்ண முடியுமா?"

"இல்லாத பகுதியப் போட்டுட்டேன். ஆறு மணி நேர டெஸ்ட்டும் ஓடிடுச்சு. எல்லாம் பாஸ்."

"அப்ப போடுங்க. உடனே போடுங்க. மத்தத நான் மேல எழுதறேன்."

அடுத்த நாள் முதல்முறையாக அந்த ஊரில் உண்மையான குலுக்கல் நடந்தது. சப்வேயிலிருந்து நூற்று நாற்பது பேருக்குமேல் மண்டபங்களுக்குப் போனார்கள். அந்தோணிதாசுக்கு சீதாலட்சுமி மஹாலில் இடம். உள்ளே போனவர் நாள் முழுக்கத் தூங்கினாராம். இருமாமல் தூங்கியதைப் பார்க்கப் பயமாக இருந்தது என்று ஜெயசீலி போனில் சொல்லி அழுதாள்.

அதே நாள் தனகோட்டியின் பெயர் வரவில்லை.

"நம்ம பேரு விட்டுப்போச்சு போல, பாரும்மா" என்றார் அவர். பையில் துண்டும் மாத்திரையும் எடுத்துவைத்துச் செருப்புக்கூடப் போட்டுவிட்டிருந்தார்.

"விட்டுப்போகலப்பா. குலுக்கல்ல வரல."

"எப்படி வராம போகும்? நாப்பது நாளா வந்துதே?"

அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. பத்து மணிக்கு நகராட்சி வாசலில் முந்நூறு பேர். முந்தின நாள்வரை அமைதியாகப் பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள், மருமகள்கள். நாற்பது நாள் ஒழுங்காக ஓடின இயந்திரத்தை யார் நோண்டிக் கெடுத்தது என்று கேட்டார்கள். ஆணையர் வெளியே வந்து நடந்ததை மறைக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். பாவம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பிறகு ஒருவர், "அதெல்லாம் சரி சார், எங்கம்மாவுக்கு இன்னிக்கி இடம் உண்டா இல்லியா?" என்றார்.

இரண்டாம் நாளும் தனகோட்டிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. நான்காம் நாள் வரவில்லை. குலுக்கல் அப்படித்தான் செய்யும். நிர்மலா ஈரத்துண்டைப் பிழிந்து அவர் மார்பில் போட்டாள். துண்டு பத்து நிமிடத்தில் காய்ந்தது. உதடு வெளுத்திருந்தது. அவள் சப்வேயைப் பற்றி, வெற்றிடங்களைப் பற்றி, இருபத்திரண்டு பேரைப் பற்றி அவரிடம் சொன்னாள். தன் கை தட்டியதையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நல்ல மனிதர், முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ஒரு கிழவியை நிற்க விட்டதில்லை.

கடைசியில் மெதுவாகச் சொன்னார். "அவங்களுக்குப் பழகிப்போயிருக்கும் இல்லம்மா? எனக்குப் பழகல."

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. துண்டை எடுத்து மறுபடி நனைத்தாள்.

ஐந்தாம் நாள் நகர்மன்றக் கூட்டம். தீர்மானத்தை எழுதியவர் கெட்டிக்காரர். யாரையும் விடவேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. புதிய பதிப்பு பொதுமக்களிடையே நிச்சயமின்மையை உண்டாக்கியிருப்பதாலும், முந்தைய பதிப்பு நாற்பது நாட்கள் புகாரின்றி இயங்கியிருப்பதாலும், மக்கள் ஏற்றுக்கொண்ட முந்தைய பதிப்பையே மீண்டும் நிறுவலாம் என்றிருந்தது. ஆயிரத்து இருபது குடும்பங்கள் ஒரு பக்கம், நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் ஒரு பக்கம். ஒருவரும் எதிர்த்துக் கை தூக்கவில்லை. ஆராவமுதனுக்கு அன்றைக்கே வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

பொறுப்பு ஆணையராக வந்தவர் நிர்மலாவைக் கூப்பிட்டார். குரலில் கடுமை இல்லை.

"இந்தத் தடவ முறைப்படி செய்யுங்கம்மா. டெஸ்ட் ரிப்போர்ட்டோட ஃபைல்ல இருக்கணும்."

"பழைய மாதிரி கட்டினா ஒரு டெஸ்ட் தோத்துடும் சார்."

"எந்த டெஸ்ட்?"

"குலுக்கல் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருதான்னு பாக்கறது."

அவர் பேனாவை மூடினார். "மூலநிரல் திறந்ததுதானே? நம்ம தேவைக்கு மாத்திக்கலாம்னு அதிலேயே அனுமதி இருக்கு இல்ல? அந்த ஒண்ண எடுத்துடுங்க. நமக்குத் தேவைப்படாதது."

அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மெமோ வரும், கூடிப்போனால் இடைநீக்கம். அதற்கு அவள் பயப்படவில்லை. அவள் செய்யாவிட்டால் பக்கத்து நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அரை நாளில் செய்துவிட்டுப் போவார் என்பதும் தெரியும். ஆனால் அதுவும் காரணமில்லை. ஆணை என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் ஈரத்துண்டின்கீழ் ஒரு மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அதுதான் உண்மை.

சர்வரில் தான் சேர்த்திருந்த பகுதியை எடுத்தாள். மூலநிரலிலிருந்து அந்தச் சோதனைக் கோப்பை நீக்கினாள். கட்டினாள். ஆறு மணி நேரம் சோதனை ஓடுவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் தேறியது. நிறுவினாள். அறிக்கையை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு வருடத்தில் இவ்வளவு ஒழுங்காக அவள் எதையும் நிறுவியதில்லை.

மறுநாள் தனகோட்டியைக் கொண்டுபோய் மண்டபத்தில் படுக்க வைத்தாள். அவர் படுக்கையில் சாய்ந்ததும் பக்கத்துக்காரரிடம், "கெடச்சிடுச்சு பாருங்க" என்றார். அங்கிருந்து ஆபீசுக்குப் போகாமல் சப்வேக்கு ஸ்கூட்டரை விட்டாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே படி இறங்கினாள்.

பாய்கள் விரித்தாகிவிட்டிருந்தன. கோதண்டம் இல்லை, அவர் பெயருக்குக் கீழே தரை வெறுமையாக இருந்தது. அந்தோணிதாஸ் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜெயசீலி அவர் முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கி ஒருத்தருக்கும் வரல மேடம். அஞ்சாறு நாளு வந்துச்சே. திரும்பவும் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா." நிர்மலா பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பழசையே போடச் சொல்லிட்டாங்க. நான்தான் போட்டேன்."

ஜெயசீலி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். ஜெயசீலி கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பது போலிருந்தது.

"அப்ப இனிமே இதே ஆளுங்கதானா? மாறவே மாறாதா?"

"மாறாது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

"நாளைக்கும்? ஜூன் முடியறவரைக்கும்?"

நிர்மலா தலையாட்டினாள்.

"அப்போ தெனமும் காலைல போர்டு பாக்க ரெண்டு கிலோமீட்டரு வெயில்ல நடந்து வர வேணாம்ல மேடம்? நேரா இங்கயே வந்துடலாம்ல?"

"வேணாம்" என்றாள் நிர்மலா.

ஜெயசீலி எழுந்து, சப்வேயின் அந்தக் கோடிவரை கேட்கும்படி குரல் கொடுத்தாள். "யாரும் நாளைலருந்து போர்டு பாக்கப் போக வேணாமாம்! மேடம் சொல்லிட்டாங்க!"

சுவரோரம் தலைகள் நிமிர்ந்தன. ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு காலை நீட்டி, வீங்கியிருந்த பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அப்பாடா" என்றாள்.